ரஷ்ய, பிரெஞ்சு இசை ஒரே மாலையில்: முதல்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மகள் வயலின் படிக்கத் தொடங்கிய காலத்தில் அவளைப் பரிஸ் இசை மண்டபங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அவள் வளர்ந்து நண்பிகளோடு போகத் தொடங்கிவிட்டாள். எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. இப்போது பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறி வாங்க வரும் நண்பர்களும், ஊரிலிருந்து ஒரு மாதம் நிற்க வரும் சொந்தக்காரரும், “அண்ணை, எங்களையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்கிறார்கள். போவதற்கு முன் எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள். மெற்றோவில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேசுவதற்கு ஒரு நிகழ்ச்சி நிரல் வேண்டுமே. இதை வைத்துக்கொள்வோம். முதற்பாதியில் குளோத் டெபுஸியின் ‘ஒரு ஃபோனின் பிற்பகலுக்கு முன்னிசை’, அடுத்து இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நெருப்புப் பறவை’ தொகுப்பு. இடைவேளைக்குப் பிறகு, மொதெஸ்ட் முசோர்க்ஸ்கி எழுதி மொறிஸ் ராவெல் இசைக்குழுவுக்கு மாற்றிய ‘கண்காட்சி ஓவியங்கள்’. இவை மூன்றும் ஒன்றாகவோ, இவற்றில் ஒன்றிரண்டு வேறு எதனோடாவது சேர்ந்தோ மேடையேறுவது இங்கே அடிக்கடி நடப்பதுதான்.

ரஷ்யாவையும் பிரான்ஸையும் ஏன் ஒரே மாலையில் சேர்க்கிறார்கள்?

விளம்பரத்துக்குச் செய்த வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நிரலைக் கையில் வைத்துக்கொண்டு எது ரஷ்யா, எது பிரான்ஸ் என்று பிரிக்கப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பிரிக்க முடியாது.

‘நெருப்புப் பறவை’ ரஷ்யக் கதை, எழுதியவரும் ரஷ்யர். ஆனால் அது பரிஸுக்காகவே எழுதப்பட்ட பாலே, அதாவது இசைக்கு ஆடும் நாட்டிய நாடகம். 1910 ஜூன் 25 அன்று பரிஸ் ஒபெரா அரங்கில் முதன்முதலாக ஒலித்தது. அன்று இசைக்குழுவை நடத்தியவர் கப்ரியேல் பியெர்னே என்ற பிரெஞ்சுக்காரர். ‘கண்காட்சி ஓவியங்கள்’ 1874இல் ரஷ்யாவில் பியானோவுக்கு எழுதப்பட்டது. நீங்கள் கேட்கப்போவதோ 1922இல் ராவெல் அதற்குத் தைத்துப் போட்ட உடுப்பு. தைக்கச் சொன்னவர் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் பரிஸுக்கு வந்திருந்த ரஷ்ய நடத்துநர் செர்கேய் குசெவிட்ஸ்கி. சரி, டெபுஸியாவது முழுப் பிரெஞ்சுக்காரரா என்றால், அவருடைய இளமையிலும் ரஷ்யா இருக்கிறது. பதினெட்டு வயதாகும் முன்பே நதேஷ்தா வொன் மெக் என்ற ரஷ்யச் சீமாட்டியின் வீட்டில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். சைகோவ்ஸ்கிக்கு வருடா வருடம் பணம் அனுப்பி ஆதரித்தாரே, அதே அம்மையார்தான். 1880 தொடங்கி அடுத்தடுத்து மூன்று வருடங்கள் அவர்களுக்கு வாசித்தார். சைகோவ்ஸ்கியின் ‘அன்ன ஏரி’ நடனங்கள் சிலவற்றை நான்கு கைகள் வாசிக்கும் பியானோ இசையாக மாற்றியதும் அந்த வீட்டு வேலைதான்.

அதற்கும் முன்பே போக்குவரத்து இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1847இலும், பிறகு கிழவனாகி 1867-68 குளிர்காலத்திலும் ரஷ்யாவுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார். வாத்தியங்களை எப்படிக் கையாள்வது என்று அவர் எழுதிய நூல் அங்கே பெரிய மதிப்போடு படிக்கப்பட்டது. மறுதிசையில், ஐஃபெல் கோபுரம் திறந்த 1889ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் வந்து ட்ரொக்கடேரோவில் ரஷ்ய இசையை நடத்தினார். 1907இல் ரஷ்யக் கலைநிகழ்ச்சி ஏற்பாட்டாளர் செர்கேய் தியாகிலெவ் ஒரு கச்சேரி வரிசையையே பரிஸுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் ‘போரிஸ் கொதுனொவ்’ என்ற ஒபெரா (பாட்டு நாடகம்), அதற்கடுத்த வருடம் பாலே.

இதெல்லாம் வரலாறு. இரண்டு பக்கத்தையும் உண்மையில் சேர்த்துக் கட்டியது, என் கணிப்பில், ஜேர்மனியர்மீது இருந்த சலிப்பு. ஒரு கருவை எடுத்து, அதை உடைத்து, வாதாடி, முடிவுக்குக் கொண்டுவருவது பெத்தோவன், பிராம்ஸ் வழி. இவர்களுக்கு அந்த வழக்காடு மன்றத்தில் மனம் ஒட்டவில்லை. ஒரே மெட்டை ஒபோ என்ற ஊதுகுழலில் கேட்டால் ஒரு நிறம், கொம்பில் கேட்டால் இன்னொரு நிறம். அந்த நிற மாற்றமே கதையை நகர்த்தப் போதும் என்று நினைத்தார்கள். இன்று மாலை நீங்கள் கவனிக்கவேண்டியதும் அதுதான். எந்த மெட்டு என்பதைவிட, இப்போது யார் பேசுகிறார் என்று பாருங்கள்.

சங்கீதம் படிக்காதவனுக்கு விளங்குமா?

விளங்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு சிக்கல் வரும். சின்ன வயதிலிருந்து பாட்டுக் கேட்டே வளர்ந்ததால், ‘முன்னிசை முடியட்டும், குரல் வரும்’ என்று காது காத்துக்கொண்டே இருக்கும். இங்கே குரல் வராது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காத்திருப்பு தானாக விட்டுப்போகும், பிறகு சுகம். அதேநேரம் நாதஸ்வரக் கச்சேரியில் மணிக்கணக்காகச் சொற்களே இல்லாமல் கோயில் வீதியில் நின்று கேட்டவர்கள்தானே நாம்.

‘ஃபோன்’ என்றால் தொலைபேசியா?

சிரிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன். இடுப்புக்கு மேலே மனிதன், கீழே ஆட்டுக்கால், தலையில் சின்னக் கொம்பு. பழைய ரோமானியக் கதைகளில் வரும் காட்டுவாசி. ஸ்தெஃபான் மல்லார்மே 1876இல் வெளியிட்ட கவிதையில், இந்த ஃபோன் வெயில் பிற்பகலில் அரைத்தூக்கத்திலிருந்து எழும்பி, தான் கண்ட பெண்கள் உண்மையா கனவா என்று குழம்புகிறான். கவிதையில் 110 அடிகள். டெபுஸியின் இசையிலும் 110 தாளக் கட்டங்கள். அதற்காகக் கவிதையை அடிக்கு அடி இசையாக்கியிருக்கிறார் என்று தேடாதீர்கள். வெயிலும் சோம்பலும் மட்டும் போதும்.

1894 டிசம்பர் 22 அன்று பரிஸில் முதல்முறை வாசித்தார்கள். பத்து நிமிடம். ட்ரம்பெட் இல்லை, ட்ரொம்போன் இல்லை, டிம்பனி மேளம் இல்லை. மேடையில் அந்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள், அல்லது இன்னும் வந்தே இருக்க மாட்டார்கள். கடைசிப் பக்கங்களில் சின்னஞ்சிறு வெண்கலத் தாளங்கள் இரண்டு மெல்ல உரசும். பூசை மணியைத் தூரத்து வீட்டில் யாரோ தொட்டதுபோல.

அந்தப் புல்லாங்குழல் தொடக்கத்தை ஏன் இப்படித் தூக்கிப் பேசுகிறார்கள்?

கிட்டே போய்ப் பார்ப்போம். நடத்துநர் கையை உயர்த்துகிறார். யாரும் தாளம் தரவில்லை, சுருதி தரவில்லை. ஒரே ஒரு புல்லாங்குழல் நடு உயரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கிறது. இன்றைய உலோகக் குழலில் அந்தச் சுரத்துக்கு ஏறக்குறைய எல்லா விரல்களையும் தூக்கிவிட வேண்டும். குழல் திறந்து கிடப்பதால் ஒலி வெளிறிப்போய், அலையக்கூடியதாக இருக்கும். வாசிப்பவருக்கு அது ஆபத்தான இடம். டெபுஸி அந்த வெளிறலையே கேட்டு வாங்கியிருக்கிறார். அங்கிருந்து மெட்டு வழுக்கி இறங்கி, மறுபடி ஏறி, திரும்பவும் இறங்குகிறது. மேலே நின்ற சுரத்துக்கும் கீழே போய்த் தொடும் சுரத்துக்கும் இடைவெளி, சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரம். எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்று காதுக்குப் பிடிபடாததற்குக் காரணம் அதுதான்.

முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்க முயல்கிறவர்கள் உண்டு. மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால், வாசிக்கும் முன் அவர் மூச்சு எடுக்கும்போது தோள் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். நான் ஒருமுறை பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது.

‘நெருப்புப் பறவை’யின் கதை என்ன?

இதை ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் வயிற்றில் தன் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி நமக்குத் தெரிந்தவன்தானே. ரஷ்யாவில் அவன் பெயர் காஷ்செய்; உயிரை ஒரு முட்டைக்குள் வைத்திருக்கிறான். இவான் என்ற இளவரசன் அவனுடைய தோட்டத்தில் நெருப்புப் பறவையைப் பிடித்து, அது கெஞ்சியதும் விட்டுவிடுகிறான். அது நன்றிக்கு ஒரு இறகு கொடுக்கிறது. பிறகு இவான் அகப்படும்போது இறகை ஆட்ட, பறவை வந்து மந்திரவாதியின் கூட்டத்தை ஆடவைத்து, களைக்கவைத்து, தூங்கவைக்கிறது. முட்டை உடைகிறது.

எழுதும்போது ஸ்ட்ராவின்ஸ்கி அதிகம் பேர் அறியாத இளைஞர், ரிம்ஸ்கி-கோர்சகோவின் மாணவர். அரங்கேற்றத்துக்கு எட்டு நாள் முன்னர்தான் 28 வயது முடிந்தது. மறுநாள் காலையில் பரிஸுக்கே தெரிந்த ஆள். டெபுஸியோடு பழக்கமும் இந்தப் பாலேயோடுதான் தொடங்குகிறது. இரண்டு வருடம் கழித்து, இன்னும் மேடையேறாத ‘வசந்தத்தின் சடங்கு’ இசையை இருவரும் ஒரு நண்பர் வீட்டுப் பியானோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கும்.

முழு பாலே முக்கால் மணி நேரம். கச்சேரிகளில் பெரும்பாலும் 1919இல் அவரே சுருக்கிய தொகுப்பைத்தான் வாசிப்பார்கள். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் ஒரு எச்சரிக்கை. இளவரசிகளின் வட்ட நடனம் மிக மெதுவாக, தாலாட்டுப் போல அடங்கும். சனம் கண்ணை மூடும். அந்த நொடியில் முழு இசைக்குழுவும் ஒரே அடியாக இடிக்கும். காஷ்செயின் பேய்நடனம் தொடங்குகிறது. என் மைத்துனன் அதில் திடுக்கிட்டு, மடியிலிருந்த நிரல் புத்தகத்தை முன் வரிசைக்காரரின் தலையில் போட்டான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் முதல்முறை அப்படித்தான் நடந்திருக்கும்.

அது அடங்கியதும் பசூன் என்ற நீண்ட ஊதுகுழல் பாடும் தாலாட்டு வரும். பிறகு வயலின்களின் மெல்லிய நடுக்கத்தின்மேல் ஒற்றைக் கொம்பு ஒரு நாட்டார் மெட்டைத் தொடங்கும். விடியல் என்றால் இதுதான்.

நாங்கள் தாளம் போடலாமா?

மனதுக்குள். தொடையில் விரல் தட்டினால் பக்கத்து ஆளின் கண் வந்துவிடும்.

ஆனால் எண்ணிப் பாருங்கள், நமக்குப் பழகிய கணக்குகள் இருக்கின்றன. ‘நெருப்புப் பறவை’யின் முடிவில் அந்தக் கொம்பு மெட்டு மூன்றின் கணக்கிலிருந்து ஏழுக்கு மாறும், மிஸ்ரம் என்று நாம் சொல்வது. ‘கண்காட்சி ஓவியங்க’ளின் தொடக்க நடையில் ஐந்தும் ஆறும் மாறி மாறி வரும். ஒரு பாரமான மனிதர் படங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து நடக்கிறார்; கால் ஒருபோதும் சரியாக அடுத்த அடிக்கு வருவதில்லை. முசோர்க்ஸ்கியே அது தான்தான் என்று ஒத்துக்கொண்டவர். சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பனியில் ஐந்து எண்ணிக்கையில் ஒரு வால்ட்ஸ் இருக்கிறது. மூன்று எண்ணிக்கைக்குப் பழகிய கால்கள் அங்கே தடுமாறும். கண்ட நடை கேட்ட காதுக்கு அதில் புதுமை இல்லை.

‘கண்காட்சி ஓவியங்கள்’: அந்த ஓவியங்கள் யாருடையவை?

விக்டர் ஹார்ட்மன் என்ற கட்டடக் கலைஞருடையவை. முசோர்க்ஸ்கியின் நண்பர், 1873இல் 39 வயதில் திடீரென இறந்தார். அடுத்த வருடம் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய படங்கள், வரைபடங்கள், உடுப்பு மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். முசோர்க்ஸ்கி அதைப் பார்த்துவிட்டு வந்து, ஜூன் மாதத்தில் மூன்று வாரத்துக்குள் பத்துப் படங்களைப் பியானோவில் எழுதினார். இடையிடையே படத்துக்குப் படம் நடந்து போகும் ‘உலா’. அவர் வாழ்ந்த காலத்தில் இது அச்சேறவேயில்லை. 1881இல் 42 வயதில், குடியால் உடல் கெட்டு இறந்தார். 1886இல்தான் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்திப் பதிப்பித்தார்.

பத்துப் படங்களில் மூன்று பிரான்ஸில் நடக்கின்றன. துய்லெரி தோட்டத்தில் சண்டை பிடிக்கும் பிள்ளைகள், லிமோஜ் சந்தையில் வாயடிக்கும் பெண்கள், கையில் விளக்கோடு பரிஸின் நிலத்தடி எலும்புக் குகைகள். ராவெலின் கை படுவதற்கு நாற்பத்தெட்டு வருடம் முன்பே இந்த ரஷ்ய இசைக்குள் பிரான்ஸ் வந்து இருந்துவிட்டது.

என் விருப்பம் மாட்டு வண்டி. ‘பிட்லோ’ என்று பெயர். போலந்து மொழியில் கால்நடை. இரண்டு பெரிய சில்லுகள் சேற்றில் உருளும் ஒலி கீழே. மேலே வண்டிக்காரன் பாடுவதுபோல டூபா. டூபா வழக்கமாக அடியில் உறுமும் வாத்தியம். ராவெல் அதை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதால் அதற்கு முக்கி முக்கிப் பாடவேண்டியிருக்கிறது. பலர் இந்த இடத்துக்காகவே காலடியில் இன்னொரு சிறிய வாத்தியத்தை வைத்திருப்பார்கள். குனிந்து எடுப்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ராவெலில் வண்டி தூரத்திலிருந்து மெல்ல வந்து, பெரிதாகி, போய் மறையும். எல்லாரும் அதை ரசிப்பார்கள். முசோர்க்ஸ்கி எழுதியது அப்படி இல்லை. அவருடைய கையெழுத்துப் படியில் வண்டி முதல் சுரத்திலேயே முழுப் பலத்தோடு முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. மெல்லத் தொடங்கவைத்தது ரிம்ஸ்கி-கோர்சகோவ் பதிப்பு. ராவெல் கையில் இருந்தது அந்தப் பதிப்புத்தான். எது நல்லது? மணல் ஒழுங்கையில் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு வேலியோடு ஒட்டி நின்றவன் நான். மூலப்படிதான் எனக்கு உண்மை. ஆனால் கச்சேரியில் கேட்கும்போது ராவெலின் வடிவத்துக்குத்தான் என் கண் கலங்குகிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் இது முசோர்க்ஸ்கியின் இசையா, ராவெலின் இசையா?

சுரங்கள் முசோர்க்ஸ்கி. ஒலி ராவெல். இதை இசைக்குழுவுக்கு மாற்றியவர்கள் வேறு பலரும் உண்டு. ஆனால் 1922 அக்டோபர் 19 அன்று பரிஸ் ஒபெராவில் குசெவிட்ஸ்கி நடத்திய அந்த வடிவம்தான் உலகத்தில் நிலைத்தது. ராவெல் ஒரு உலாவை விட்டுவிட்டார் என்பது பியானோ படித்தவர்கள் பிடிக்கும் குறை. முரட்டு ரஷ்யனுக்கு வாசனைத் திரவியம் பூசிவிட்டார் என்று சொல்வோரும் உண்டு. பியானோ வடிவத்தைக் கேட்ட பிறகு அதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே படுகிறது.

சாக்சபோன்காரர் ஒருவர் சும்மா இருக்கிறாரே?

‘பழைய கோட்டை’ வரும்வரை பொறுங்கள். ஒரு கோட்டைக்கு முன்னால் நின்று பாடும் பழங்காலப் பாடகனின் குரலை ராவெல் ஆல்ட்டோ சாக்சபோனுக்குக் கொடுத்தார். நான்கைந்து நிமிடம். அதற்கு முன்னும் வேலை இல்லை, பின்னும் இல்லை. பெல்ஜியத்துக்காரர் அதோல்ஃப் சாக்ஸ் பரிஸில் வைத்து 1846இல் காப்புரிமை பெற்ற வாத்தியம். சிம்பனி மேடையில் இன்றைக்கும் அது விருந்தாளிதான். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு, சாக்சபோனில் கமகம் வரும் என்று தெரிந்த நமக்கு இந்த இடம் வித்தியாசமாகப் படும். இங்கே அது குழையாது, நேராக நின்று அழும்.

எப்போது கை தட்டுவது?

நடத்துநரின் கைகள் கீழே இறங்கி, அவர் உடம்பு தளர்ந்த பிறகு. இந்த நிரலில் மூன்று படைப்பு, மூன்று கைதட்டல். இடையில் எங்கும் இல்லை.

எனக்கு இது வெட்கப்பட்டுத் தெரிந்தது. அன்று சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பனி. மூன்றாம் பகுதி படை நடப்பதுபோல ஏறி ஏறி, பெரும் முழக்கத்தோடு முடியும். முடிந்தே விட்டது என்று எழும்பித் தட்டினேன். என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் தட்டினார்கள். மகள் என் சேர்ட் நுனியைப் பிடித்து இழுத்து, “அப்பா, இன்னும் ஒன்று இருக்கு” என்றாள். இருந்தது. மிக மெதுவான நான்காம் பகுதி, கடைசியில் செலோக்களும் டபுள் பாஸ்களும் மட்டும் மூச்சடங்குவதுபோல நின்றுபோகும். சைகோவ்ஸ்கி 1893 அக்டோபர் 28 அன்று அதைத் தானே நடத்தி அரங்கேற்றினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அது தெரிந்திருந்தால் தட்டியிருக்க மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் உலகம் முழுக்க ஆட்கள் ஏமாறுகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். ஆறுதல்.

முன்னால் நிற்பவர் கையை ஆட்டுவதைத் தவிர என்ன செய்கிறார்?

அன்று செய்வதைவிட அதற்கு முந்திய நாட்களில் செய்ததுதான் அதிகம். ஒத்திகையில் யார் எவ்வளவு உரக்க, எங்கே இழுக்க, எங்கே விட என்று தீர்த்திருப்பார். மேடையில் அவர் நினைவூட்டுகிறார். வலக்கை தாளம், இடக்கை பெரும்பாலும் ‘மெல்ல’, ‘இப்போது நீ’. அவர் வருவதற்கு முன் ஒபோ ஒரு சுரம் பிடிக்கும், எல்லாரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அந்தக் கலவரமான சத்தம் எனக்குக் கச்சேரியைவிடப் பிடிக்கும் என்றால் மகள் அடிக்க வருவாள்.

எந்த மண்டபம், எப்படிப் போவது, எந்த இடத்தில் இருப்பது?

நான் அதிகம் போவது பிலார்மோனி. லா வில்லெத் பூங்காவின் ஓரத்தில், ஜோன் நுவெல் வரைந்த கட்டடம், 2015 ஜனவரியில் திறந்தது. லாச்சப்பலில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு கார் து நோர் வரை நடந்து, 5ஆம் இலக்க மெற்றோவில் பொபினி பக்கம் ஏறினால் ஐந்தாவது தரிப்பு போர்த் து பந்தான். முதல் தரிப்பின் பெயர் ஸ்டாலின்கிராட். ரஷ்ய, பிரெஞ்சு இசைக்குப் போகும் வழியில் இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது.

மண்டபத்தில் 2400 பேர் இருக்கலாம். மேடையைச் சுற்றிலும் இருக்கைகள். கடைசி ஆள்கூட நடத்துநரிடமிருந்து 32 மீற்றருக்குள்தான். அதனால் மலிவு ரிக்கற் எடுக்கப் பயப்படவேண்டாம். இசைக்குழுவுக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் எனக்குப் பிடித்தவை. நடத்துநரின் முகம் தெரியும், மேளக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பீர்கள். ஒலி கொஞ்சம் தலைகீழாக வரும். வயலின் தூரம், ட்ரொம்போன் கிட்ட. முதல்முறைக்குப் பக்கவாட்டு மேல்தட்டு நல்லது.

உடுப்பு?

வேலையால் நேரே வந்தாலும் சரி. பட்டுச் சேலையும் சரி. ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகள், தொலைபேசி, இருமல்?

ஆறு ஏழு வயதுக்கு மேற்பட்ட, படம் பார்க்க இருக்கக்கூடிய பிள்ளை என்றால் ‘ஓவியங்க’ளுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முட்டைக்கோதுக்குள் நின்று ஆடும் குஞ்சுகள் என்று ஒரு துண்டு இருக்கிறது, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. தொலைபேசியை முற்றாக நிறுத்துங்கள். இருமல் இனிப்பை முன்பே கடதாசி உரித்து வையுங்கள்; டெபுஸி நடக்கும்போது அந்தக் கடதாசிச் சரசரப்பு ட்ரம்பெட்டைவிடப் பெரிது. பிந்தி வந்தால் ஒரு படைப்பு முடியும்வரை வெளியில்தான்.

‘பொலேரோ’ வருமா?

சில மாலைகளில் கடைசியில் போடுவார்கள். சனத்துக்குத் தெரிந்தது, மண்டபமும் நிரம்பும். ராவெல் 1928இல் இதா ருபின்ஸ்தைன் என்ற நடனக் கலைஞருக்காக எழுதினார். அவரும் ரஷ்யாவிலிருந்து வந்தவர்தான், பார்த்தீர்களா. சிறு மேளம் ஒரே தாளக் கட்டை 169 தடவை அடிக்கும். மெட்டும் மாறாது, வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொன்றாக அதைக் கைமாற்றும், ஒலி ஏறிக்கொண்டே போகும். கால் மணி நேரமாக ஒரே சுருதியில் நின்றது, முடிவுக்குச் சற்று முன் சட்டென்று வேறு சுருதிக்குத் தாவும்போது கூரை திறந்ததுபோல இருக்கும். மேளக்காரரைப் பாருங்கள். அன்றைய மாலையின் மிகக் கடினமான வேலை அவருடையது. முதல் அடி கேட்டும் கேட்காததுமாக இருக்கவேண்டும்.

சைகோவ்ஸ்கியைப் பற்றி இன்னும் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

பரிஸோடு சேர்ந்த ஒரு கதை சொல்கிறேன். 1891இல் இங்கே வந்தபோது ஒரு புது வாத்தியத்தைக் கேட்டார். பார்க்கச் சின்னப் பியானோ, உள்ளே உலோகத் தகடுகள், ஒலி கண்ணாடி மணி. செலெஸ்டா, பரிஸ்காரர் ஒகுஸ்த் முஸ்தெல் 1886இல் செய்தது. உடனே மொஸ்கோவில் இருந்த தன் பதிப்பாளருக்கு எழுதினார்: ஒன்றை வாங்கி அனுப்பு, ஆனால் ஒருவருக்கும் காட்டாதே, ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாசுனொவுக்கும் தெரிந்தால் எனக்கு முன்னால் பாவித்துவிடுவார்கள். 1892 டிசம்பரில் ‘நட்கிராக்கர்’ பாலேயில் சர்க்கரைத் தேவதை அந்த ஒலியில் ஆடினாள். நத்தார் விளம்பரங்களில் இன்று கேட்கும் டிங் டிங் எல்லாம் அந்தக் களவுப் பெட்டியிலிருந்து வந்தது.

போர் நடக்கும்போது ரஷ்ய இசை கேட்பது சரியா?

2022க்குப் பிறகு இந்தக் கேள்வி வராத மாலை இல்லை. அந்த வருடம் மார்ச்சில் கார்டிஃப் நகர இசைக்குழு ஒன்று சைகோவ்ஸ்கியின் ‘1812’ என்ற படைப்பை நிரலிலிருந்து எடுத்தது. மியூனிக் இசைக்குழு போரைக் கண்டிக்காத தன் நடத்துநர் வலேரி கெர்கியெவை விலக்கியது. போர் முடியும்வரை சைகோவ்ஸ்கியை வாசிக்கவேண்டாம் என்று உக்ரேனின் கலாசார அமைச்சரே அந்த ஆண்டு இறுதியில் கேட்டார்.

நான் போகிறேன். முசோர்க்ஸ்கி இறந்து நூறு வருடத்துக்கு மேல். ஸ்ட்ராவின்ஸ்கி நாட்டை விட்டு வந்து பிரெஞ்சுக் குடிமகனாகி, பிறகு அமெரிக்கனானவர். ‘ஓவியங்க’ளின் கடைசிப் படம் கீவ் நகரத்துக்கு ஹார்ட்மன் வரைந்த பெருவாசல், ஒருபோதும் கட்டப்படாதது. மணிகள் முழங்க அது எழும்பும்போது இப்போதெல்லாம் மண்டபம் வேறுமாதிரி அமைதியாக இருக்கிறது. ஆனால் என்னோடு வேலை செய்யும் உக்ரேனியப் பெண் வரமாட்டேன் என்றாள், நான் வாதாடவில்லை. வீட்டை விட்டு ஓடி வந்த ஆளிடம் கலை வேறு, அரசியல் வேறு என்று பாடம் எடுக்க என் வாய் வராது.

தமிழோடு ஏதாவது தொடர்பு?

சின்னதாக ஒன்று. ராவெலின் மாணவர் மொறிஸ் தெலாஜ் 1912இல் இந்தியாவுக்குப் போய்வந்து நான்கு பாடல்கள் எழுதினார். முதலாவதன் பெயர் ‘மெட்ராஸ்’. 1914 ஜனவரியில் பரிஸில் அரங்கேறியது. அதே கச்சேரியில் ராவெலின் பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாடல்களும் இருந்தன. பாடகியும் சில வாத்தியங்களும்தான், பெரிய இசைக்குழு அல்ல. அதனால் இந்த மாதிரி மாலைகளில் வராது. வீட்டில் தேடிக் கேளுங்கள்.

முதலே கேட்டுவிட்டுப் போவதா, கேட்காமலா?

‘ஓவியங்க’ளைப் பியானோவில் ஒருமுறை கேளுங்கள். ‘நெருப்புப் பறவை’யைக் கேட்கவேண்டாம், அந்த இடி கெட்டுப்போகும். நான் சொன்னதே கொஞ்சம் கெடுத்துவிட்டது.

எத்தனை மணிக்கு வீடு போகலாம்?

இந்த நிரலுக்கு இசை ஒரு மணி பத்து நிமிடமளவில், இடைவேளை இருபது நிமிடம். எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்துக்கு முன் வெளியில். இடைவேளையில் கோப்பி வரிசை நீளம். ஒருவரை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். மெற்றோவில் வாத்தியப் பெட்டியோடு யாராவது ஏறுவார்கள். டூபாக்காரர் என்றால் இடம் விட்டுக் கொடுங்கள், அந்த வண்டியை இழுத்துக் களைத்திருப்பார்.